நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பெரும்பாலும் சரளை

திருப்பாதிரிப்புலியூர் கேட் மூடியிருந்தது.
ஐந்தேகால். மூன்று சைக்கிள்.
சரக்கு ரயில் முடியும்வரை யாரும் பேசவில்லை.
தவசீலன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து
இன்னும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டான்:
"தாருக்குத்தான் கல்லு மாதிரி இருக்கணும்.
சரளைக்கு, வாழைப்பழம் மாதிரி."

திருவந்திபுரம் தாண்டி
பாலத்தின் பக்கவாட்டில் இறங்கினால்
கெடிலக்கரை மண்பாதை.
சித்திரை. தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே.
ஆனாலும் பாதைக்கு இன்னும் ஆற்றிடம் பயம்;
அது வளைகிற இடத்திலெல்லாம்
தானும் வளைந்து,
மருத மர வேர்களைச் சுற்றிக்கொண்டு,
நாணலுக்கு இரண்டடி விட்டுப் போகிறது.
காற்று திரும்பியபோது
நெல்லிக்குப்பம் ஆலையின் வெல்லப்பாகு நாற்றம்.
ஹசீனா மூக்கை மூடவில்லை.
இரண்டு கையும் ஹேண்டில்பாரில்.

பதினாறாவது கிலோமீட்டரில் செம்மண் மேடு.
கியர் இறக்கி, எழுந்து நின்று மிதித்தால்
பின்சக்கரம் கல்லைத் துப்பும்;
உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் எழும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு கூனல் இருக்கிறது,
அதில் ஏறினோம்.
மேலே முந்திரி.
ஹெல்மெட்டைத் தட்டுகிற கிளைகள்,
தரையெல்லாம் பழம், மஞ்சளும் சிவப்புமாய்,
வெயில் ஏறுமுன்னே புளிக்கத் தொடங்கியவை.
சரளையில் தப்பித்த ஹசீனா
பழத்தில் வழுக்கினாள்.
முழங்கையில் எது மண், எது ரத்தம் என்று
தண்ணீர் ஊற்றியபிறகுதான் தெரிந்தது.

"எங்க போறீங்க?"
கையில் அலக்கு. இடுப்பில் சாக்கு.
"எங்கயும் இல்லீங்க. ஓட்டிட்டுத் திரும்பிடுவோம்."
"எங்கயும் போகாததுக்கா
இருட்டுல கெளம்புனீங்க?"
அவள் பையைத் திறக்கச் சொன்னாள். திறந்தோம்.
ஒரு ட்யூப், இரண்டு நெம்புகோல், பேரீச்சம்பழம்,
தவசீலன் பொறுக்கிய ஒரே ஒரு கொட்டை.
அதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டாள்.
பேரீச்சம்பழம் ஒன்றும் எடுத்துக்கொண்டாள், கேட்காமல்.

அஞ்சலாட்சி. தோப்பு அவளுடையதல்ல,
மூன்று வருடக் குத்தகை, இது இரண்டாவது.
"போன மாசம் பதினோரு பேரு.
இதே மாதிரி உடுப்பு, இதே மாதிரி கண்ணாடி.
படலைத் திறந்தவங்க சாத்தல.
ஆறு மாடு உள்ள வந்துடுச்சு.
பிஞ்சு, கொழுந்து, ஒண்ணு விடல.
யாரு இந்த வழிய அவங்களுக்குக் காட்டுனதுன்னு
நானும் கேட்டுப் பாத்துட்டேன்.
போன்ல கோடு இருக்குதாம்."

கோடு போட்டது நான்.
தை மாதம், ஒரு மதியம், மூன்று முறை தவறி,
படலில் இறங்கி, திறந்து, சாத்தி,
'இங்கே கதவு' என்று எழுதாமல் விட்டு.
பெயர்கூட வைத்தேன்: கெடிலம் முந்திரிச் சுற்று.
முந்நூற்றுப் பதினேழு பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நில அளவை அலுவலகத்தில்
நான் போடும் கோட்டுக்குப் புல எண் உண்டு.
நோட்டீஸ் உண்டு, ஆட்சேபணைக்கு அவகாசம் உண்டு,
எதிர்த்துப் பேச ஒரு மேசை உண்டு,
மேசைக்கு இந்தப் பக்கம் நான் உண்டு.
அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
"சாத்திட்டுப் போறோம்" என்றேன்.
"சாத்துங்க" என்றாள்.

அன்றிரவு கோட்டை அழித்து
செங்கல் சூளைப் பக்கம் திருப்பினேன்.
மூன்று கிலோமீட்டர் கூடுதல்,
நிழல் இல்லை, லாரிப் புழுதி.
கீழே ஒருவர் எழுதியிருந்தார்:
பழைய வழி நல்லா இருந்துச்சே, ஏன்?
பதில் அடித்தேன், அழித்தேன், அடித்தேன்.
எடுத்து வைத்தவர்களிடம்
பழைய கோடுதான் இருக்கிறது, நீல நிறத்தில்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன்.
படலில் புதுக் கம்பி, மூன்று சுற்று.
அதன்முன் சரளையில்
டயர்த் தடங்கள் வந்து நின்று
ஒரு கலவரமான அரைவட்டம்.
பிறகு அவை ஆற்றுப் பக்கம் இறங்கியிருந்தன,
பாதையே இல்லாத இடத்தில்,
நாணலை மடித்துக்கொண்டு.